பயிர் செய்யாமல் இருந்தால் பணம்!

அமெரிக்கக் கவுண்டி ஒன்றில் அரசு மானியம் போன வழி

"நிலத்தை உழாமல் போட்டு வையுங்கள். பணம் தருகிறோம்" என்று ஓர் அரசு சொல்லுமா? சொல்லியிருக்கிறது. 1933-ம் ஆண்டு அமெரிக்க அரசு சொன்னது. சொன்னதோடு நில்லாமல் கொடுக்கவும் செய்தது. அன்று தொடங்கிய பணம் சட்டம் மாறி, பெயர் மாறி, இன்றும் அந்த நாட்டு விவசாயிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தப் பணம் யார் கைக்குப் போனது என்பதுதான் விஷயம். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கைக்கா? அதில் இறங்கிப் பாடுபட்டவர் கைக்கா?

ஊரில் இருக்கும் இரண்டு ஏக்கரைப் பங்காளியிடம் வாரத்துக்கு விட்டுவிட்டு, இங்கே மில்லிலும் ஆபீசிலும் வேலை பார்க்கிறவர்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் இந்தக் கேள்விக்காகவே ஒரு சங்கம் பிறந்து, வழக்கு நடந்து, வேலை நிறுத்தம் நடந்து, தலைநகரில் அதிகாரிகளின் வேலையும் போன ஊர் ஒன்று உண்டு. அது ஆர்கன்சாஸ் மாநிலத்தில் உள்ள பாயின்செட் கவுண்டி.

நெல் விளையும் ஊர்

கவுண்டி என்றால் நம் தாலுகாவுக்கும் ஜில்லாவுக்கும் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பாயின்செட் கவுண்டியின் பரப்பு சுமார் 760 சதுர மைல். 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி மக்கள் தொகை ஏறக்குறைய 23 ஆயிரம்தான். நம் பக்கத்தில் ஒரு பேரூராட்சியிலேயே இவ்வளவு பேர் இருப்பார்கள். கவுண்டியின் தலைமை ஊர் ஹாரிஸ்பர்க்.

மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்த தட்டையான பூமி. நெல், பருத்தி, சோயா மொச்சை ஆகியவை முக்கியப் பயிர்கள். அமெரிக்காவில் நெல்லா என்று ஆச்சரியப்பட வேண்டாம். அந்த நாட்டில் விளையும் நெல்லில் ஏறக்குறைய பாதி ஆர்கன்சாஸ் மாநிலத்தில்தான் விளைகிறது. அந்த மாநிலத்தில் நெல் அதிகம் விளையும் கவுண்டிகளில் பாயின்செட்டும் ஒன்று. நாற்று நடுகிற வேலை அங்கே கிடையாது. நேராக விதைத்து, வயலில் தண்ணீர் கட்டி, இயந்திரத்தால் அறுத்து விடுகிறார்கள்.

1930-களில் அந்தக் கவுண்டியின் கிழக்குப் பக்கத்தில் பருத்திதான் ராஜா. பெரிய பெரிய பண்ணைகள். பண்ணை நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களிடம் வாரத்துக்கு விடுவார்கள். கோவேறு கழுதை, கலப்பை, விதை எல்லாம் பண்ணையாருடையது. உழைப்பு மட்டும் குடும்பத்துடையது. விளைவில் பாதி பண்ணையாருக்கு, பாதி வாரக்காரருக்கு.

பாதி என்பது பேச்சுக்குத்தான். அறுவடை வரை சாப்பாட்டுக்குப் பண்ணைக் கடையில் கடன் வாங்க வேண்டும். மாவும் உப்புக்கண்டமும் கடை போட்ட விலை. அதன் மேல் வட்டி. வருட முடிவில் கணக்குப் பார்த்தால் வாரக்காரர் பெயரில் பற்றுத்தான் நிற்கும். கணக்கு எழுதுகிறவர் பண்ணையின் ஆள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் பழமொழி. அங்கே உழக்கு மிஞ்சாததோடு அடுத்த வருடத்துக்குக் கடனும் மிஞ்சியது. இந்த வாரக்காரர்களில் கறுப்பர்களும் இருந்தார்கள், வெள்ளையர்களும் இருந்தார்கள்.

விளைந்த பருத்தியை உழுதார்கள்

1929-ல் உலகம் முழுவதும் பொருளாதாரம் சரிந்தது. அந்த ஆண்டு ராத்தல் 17 சென்ட் அளவில் இருந்த பருத்தி விலை, 1931-ல் 6 சென்டுக்கும் கீழே போனது. கிடங்குகளில் பொதிகள் தேங்கின. விலை விழுந்ததால் விவசாயிகள் இன்னும் அதிகமாக விளைவித்து நஷ்டத்தை ஈடு கட்டப் பார்த்தார்கள். விலை இன்னும் விழுந்தது.

ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்ததும், 1933 மே மாதம் விவசாயச் சீரமைப்புச் சட்டம் நிறைவேறியது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்பதே அதன் அடிப்படை. ஆனால் சட்டம் வருவதற்குள் பருத்தி விதைத்து முளைத்துவிட்டது. என்ன செய்வது? நிற்கிற பயிரை உழுது போட்டால் பணம் என்று அறிவித்தார்கள். அந்தக் கோடையில் சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தி உழுது அழிக்கப்பட்டது. பருத்திச் செடியை மிதிக்கக்கூடாது என்று பழக்கப்பட்ட கோவேறு கழுதைகள் வரிசை மேல் கால் வைக்க மறுத்தன என்று சொல்வார்கள். அதே ஆண்டு பன்றி விலையைத் தூக்க 60 லட்சம் பன்றிகளையும் கொன்றார்கள். நாட்டில் பசியும் வேலையில்லாமையும் தலைவிரித்தாடிய நேரம் அது. ஜனங்கள் முகம் சுளித்தார்கள்.

ஆனால் விலை ஏறியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நிலம் வைத்திருந்தவர்கள் மூச்சு விட்டார்கள்.

நாலு சென்டும் அரை சென்டும்

1934-லும் 1935-லும் திட்டம் ஒழுங்காக எழுதப்பட்டது. பண்ணையார் தன் பருத்தி நிலத்தில் ஒரு பகுதியைப் பயிர் செய்யாமல் நிறுத்தி வைக்க வேண்டும். அந்த நிலத்தை அரசு வாடகைக்கு எடுத்துக்கொண்டதாகக் கணக்கு. அதில் எத்தனை ராத்தல் பஞ்சு விளைந்திருக்குமோ, அதற்கு ராத்தலுக்கு மூன்றரை சென்ட் வாடகை. இது பண்ணையாருக்கு. இதற்கு மேல் ராத்தலுக்கு ஒரு சென்ட் விலை ஈட்டுத் தொகை. இதில் மட்டும் வாரக்காரருக்குப் பாதி.

கூட்டிப் பார்த்தால் பண்ணையாருக்கு நாலு சென்ட். வாரக்காரருக்கு அரை சென்ட்.

ஒரு குடும்பத்தின் வாரப் பங்கில் 8 ஏக்கரை நிறுத்தி வைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 200 ராத்தல் பஞ்சு. மொத்தம் 1,600 ராத்தல். பண்ணையாருக்கு 64 டாலர். வாரக்காரருக்கு 8 டாலர். அந்த 8 டாலரும் பண்ணையார் கை வழியாகத்தான் வர வேண்டும். கடைப் பாக்கியில் கழித்துக்கொண்டேன் என்று அவர் சொன்னால், யாரிடம் போய்க் கேட்பது?

இதைவிட மோசமான ஒன்று இருந்தது. நிலம் குறைந்தால் ஆளும் குறைவாகப் போதும். வாரக்காரரை அனுப்பிவிட்டு, தேவைப்படும்போது தினக்கூலிக்கு ஆள் வைத்தால், அந்த 8 டாலரும் பண்ணையாருக்கே. மீதி நிலத்தில் விளையும் பருத்தியிலும் பாதி கொடுக்க வேண்டியதில்லை. அரசு கொடுத்த பணமே வாரக்காரரை வெளியேற்ற ஒரு காரணமாகிவிட்டது.

இதைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்காமல் இல்லை. ஒப்பந்தத்தின் 7-வது பிரிவில், பண்ணையில் இருக்கும் குடிகளின் எண்ணிக்கையை "கூடிய மட்டும்" குறைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், "கூடிய மட்டும்" என்று எழுதிய உத்தரவு எந்தக் கதியில் போகும் என்று.

பள்ளிக்கூடத்தில் 18 பேர்

பாயின்செட் கவுண்டியில் டைரோன்சா என்று ஒரு சிற்றூர். அதன் அருகே ஒரு பெரிய பண்ணையில் 1934-ல் பல வாரக்காரக் குடும்பங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்த ஊரில் சலவைக் கடை வைத்திருந்தவர் எச்.எல். மிட்செல். பக்கத்தில் பெட்ரோல் பங்க் நடத்தியவர் கிளே ஈஸ்ட். இருவரும் சோஷலிஸ்ட் கட்சிக்காரர்கள். குடியானவர்கள் இவர்களிடம் வந்து முறையிட்டார்கள்.

1934 ஜூலை மாதம் ஒரு இரவில், சன்னிசைடு என்ற பள்ளிக்கூடக் கட்டடத்தில் 18 பேர் கூடினார்கள். 11 பேர் வெள்ளையர்கள். 7 பேர் கறுப்பர்கள். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஒரே சங்கமா, தனித்தனிச் சங்கமா என்பதுதான் முதல் பேச்சு. அந்தக் காலத்தில் அந்தப் பிரதேசத்தில் இரு இனத்தாரும் ஒரே பெஞ்சில் உட்காருவதே பெரிய குற்றம். ஐசக் ஷா என்ற கறுப்பின முதியவர் எழுந்து பேசினார். அதே மாநிலத்தில் எலைன் என்ற ஊரில் 1919-ல் கறுப்பினக் குடியானவர்கள் சங்கம் சேர்ந்தபோது ஏராளமானோர் கொல்லப்பட்டார்கள். அதைக் கண்டவர் அவர். தனித்தனியாக நின்றால் பண்ணையார்கள் ஒருவரை வைத்து மற்றவரை அடிப்பார்கள் என்பது அவர் வாதம். ஒரே சங்கம் என்று முடிவாயிற்று.

தெற்கத்திக் குத்தகை விவசாயிகள் சங்கம் பிறந்த கதை இது. சாதி பார்த்து டீக்கடையில் தனித் தம்ளர் வைத்த ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு, அந்தப் 18 பேர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்கத் தேவையில்லை.

சங்கம் முதலில் கோர்ட்டுக்குப் போனது. 7-வது பிரிவைக் காட்டி, குடிகளை வெளியேற்றியது தவறு என்று வாதாடினார்கள். ஒப்பந்தம் பண்ணையாருக்கும் அரசுக்கும் இடையில் ஏற்பட்டது. வாரக்காரர் அதில் கையெழுத்துப் போட்டவர் அல்ல. ஆகவே அவருக்கு வழக்குப் போட உரிமை இல்லை என்று முடிந்தது. 1935-ல் மாநில உச்ச நீதிமன்றம் வரை போயும் பலன் இல்லை.

கூட்டங்களில் அடிதடி நடந்தது. இரவில் வீடுகள் மேல் துப்பாக்கியால் சுட்டார்கள். இதே கவுண்டியில் மார்க்ட் ட்ரீ என்ற ஊரில் 1935 ஜனவரியில் பேசிய ஓர் இளம் பாதிரியார், அராஜகக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் பருத்தி எடுக்கிற சமயம் பார்த்து வேலை நிறுத்தம் செய்தார்கள். 100 ராத்தல் பருத்தி எடுக்க ஒரு டாலர் கூலி கேட்டார்கள். வெடித்த பருத்தி செடியில் காத்திருக்காது. மழை வந்தால் போச்சு. பல பண்ணைகளில் 75 சென்ட் வரை கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார்கள். கோர்ட்டில் கிடைக்காதது வயல் வரப்பில் ஓரளவு கிடைத்தது.

வாஷிங்டனில் வேலை போனது

ஆர்கன்சாஸ் புகார்கள் தலைநகருக்கு எட்டின. மேரி கானர் மையர்ஸ் என்ற பெண் வழக்கறிஞரை 1935 ஜனவரியில் நேரில் விசாரிக்க அனுப்பினார்கள். அவர் குடிசை குடிசையாகப் போய் வாக்குமூலம் வாங்கி அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கை வெளியிடப்படவே இல்லை.

விவசாய இலாகாவின் சட்டப் பிரிவில் ஜெரோம் பிராங்க் என்பவர் தலைமையில் சில இளம் அதிகாரிகள் இருந்தார்கள். எண்ணிக்கை மட்டும் குறையாமல் இருந்தால் போதாது, இருக்கிற அதே குடும்பங்களையே வைத்திருக்க வேண்டும் என்று 7-வது பிரிவுக்கு அவர்கள் விளக்கம் எழுதினார்கள். திட்டத்தின் நிர்வாகி செஸ்டர் டேவிஸுக்கு அது பிடிக்கவில்லை. 1935 பிப்ரவரியில் பிராங்கும் அவருடன் சிலரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். மந்திரி ஹென்றி வாலஸ் தடுக்கவில்லை.

காரணம் தேட வெகு தூரம் போக வேண்டாம். ரூஸ்வெல்டின் சட்டங்கள் நிறைவேறத் தென் மாநில செனட்டர்களின் ஓட்டு வேண்டும். செனட்டில் அவர் கட்சிக்குத் தலைவராக இருந்த ஜோசப் ராபின்சன் ஆர்கன்சாஸ்காரர். பண்ணையார்களுக்கு ஓட்டும் உண்டு, செல்வாக்கும் உண்டு. தலைவரி கட்ட முடியாத வாரக்காரருக்கு ஓட்டே கிடையாது.

அடுத்த ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வேறு ஒரு காரணத்துக்காக அந்த 1933-ம் ஆண்டுச் சட்டத்தின் பண விதிகளையே செல்லாது என்று சொல்லிவிட்டது. மண் வளப் பாதுகாப்பு என்ற பெயரில் 1936-லும், புதிய சட்டமாக 1938-லும் மானியம் திரும்பி வந்தது. விதிகளில் வாரக்காரரின் பங்கு கூடியது. கூடியதும், அந்தப் பங்கைக் கொடுப்பானேன் என்று வாரக்காரரைக் கூலியாளாக மாற்றுவதும் கூடியது. 1939 ஜனவரிக் குளிரில், பக்கத்து மிசௌரி மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாரக்காரர்கள் சட்டி பானையோடு நெடுஞ்சாலை ஓரத்தில் வந்து உட்கார்ந்தது இதனால்தான். அமெரிக்கத் தென் மாநிலங்களில் 1930-ல் 7 லட்சத்து 76 ஆயிரமாக இருந்த வாரக்காரர் எண்ணிக்கை 1940-ல் 5 லட்சத்து 41 ஆயிரமாகக் குறைந்தது. மானியப் பணத்தில் டிராக்டர் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பருத்தி எடுக்கும் இயந்திரமும் வந்தது. வாரக்காரர் என்ற இனமே மறைந்து போனது. மறைந்தவர்கள் சிகாகோவுக்கும் டெட்ராயிட்டுக்கும் ரயில் ஏறினார்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்த ரயில் பெட்டி எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

டைரோன்சாவில் மிட்செலின் சலவைக் கடையும் ஈஸ்டின் பெட்ரோல் பங்கும் இருந்த கட்டடத்தில் இன்று குத்தகை விவசாயிகளின் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று அதை நடத்துகிறது.

கவுண்டி கமிட்டி

இந்த மானியங்களை வழங்குவதில் கவுண்டி அளவில் ஒரு கமிட்டி உண்டு. உள்ளூர் விவசாயிகளே ஓட்டுப் போட்டு அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏட்டில் பார்த்தால் இதைவிட நல்ல ஜனநாயகம் கிடையாது. நடப்பில், பெரிய விவசாயிகளே கமிட்டிக்கு வந்தார்கள். தென் மாநிலங்களில் அவர்கள் வெள்ளையர்களாகவே இருந்தார்கள். கறுப்பின விவசாயியின் கடன் மனு மேஜை மேலேயே கிடந்தது. விதைப்புக் காலம் முடிந்தபின் கடன் கிடைத்து என்ன பயன்?

1920-ல் அமெரிக்காவில் 9 லட்சத்து 25 ஆயிரம் கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். 1997-ல் 20 ஆயிரம் பேர்கூட இல்லை. இதற்கு எல்லாமே கமிட்டியின் வேலை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பாகுபாடு நடந்தது என்று பிக்ஃபோர்டு என்ற விவசாயி பெயரால் தொடுத்த வழக்கில் 1999-ல் அரசு சமரசத்துக்கு வந்து, நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. காலக்கெடு தவறியவர்களுக்காக 2010-ல் இன்னொரு 125 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

புல்தரைக்கு நெல் மானியம்

இப்போது மானியம் எப்படி நடக்கிறது? "அடிப்படை ஏக்கர்" என்ற ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும். ஒரு பண்ணையில் முன்பு சில ஆண்டுகளில் எத்தனை ஏக்கர் நெல், எத்தனை ஏக்கர் பருத்தி என்று ஏட்டில் பதிந்திருக்கிறார்கள். அதுதான் அடிப்படை ஏக்கர். இன்று அந்த நிலத்தில் என்ன பயிர் நிற்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. ஏட்டில் நெல் என்று இருந்தால் நெல் மானியம்.

2002-ம் ஆண்டுச் சட்டத்தில் இது உச்சத்துக்குப் போனது. விலை ஏறினாலும் இறங்கினாலும், நெல்லுக்கு 100 ராத்தலுக்கு 2 டாலர் 35 சென்ட் நேரடித் தொகை. பயிர் வைக்காவிட்டாலும் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் பழைய நெல் வயல்களைப் பிளாட் போட்டு விற்றார்கள். வீடு கட்டியவர் தன் கொல்லைப்புறப் புல்தரைக்கு நெல் மானியம் வாங்கினார். 2000 முதல் ஆறு ஆண்டுகளில், விவசாயமே செய்யாதவர்களுக்கு 130 கோடி டாலர் போனது என்று 2006-ல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை கணக்குப் போட்டு எழுதியது. நேரடித் தொகையை 2014-ம் ஆண்டுச் சட்டத்தில்தான் நிறுத்தினார்கள்.

அதற்குப் பதில் வந்தது ஆதார விலைத் திட்டம். நெல்லுக்கு 100 ராத்தலுக்கு 14 டாலர் என்று வைத்தார்கள். சந்தை விலை அதற்குக் கீழே போனால், இடைவெளியை அடிப்படை ஏக்கரில் 85 சதவீதத்துக்கு அரசு கொடுக்கும். இன்னொரு திட்டத்தில் கவுண்டியின் சராசரி வருமானம் குறைந்தால் பணம். 2025-ம் ஆண்டுச் சட்டத்தில் நெல்லின் ஆதார விலையை 16 டாலர் 90 சென்டாக உயர்த்தினார்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 1 லட்சத்து 25 ஆயிரம் டாலர் என்றிருந்த உச்சவரம்பும் 1 லட்சத்து 55 ஆயிரமாக உயர்ந்தது.

உச்சவரம்பு என்றதும் நம் ஊர் நில உச்சவரம்பு நினைவுக்கு வந்தால் தவறில்லை. இங்கே மாடு மேய்க்கிறவர் பெயரிலும் நிலத்தை எழுதி வைத்தார்கள். அங்கே ஒரே பண்ணையைப் பல கூட்டாளிகளாகவும் கம்பெனிகளாகவும் பிரித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் தனி வரம்பு. அந்தக் காகிதக் கிளைகளுக்கு "மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

குத்தகைக்காரர் நிலை அன்றுபோல் இன்று இல்லை. நிலத்தை ரொக்கக் குத்தகைக்கு விட்டவர் மானியம் கேட்க முடியாது. பயிர் செய்கிறவருக்கே செக் வரும். ஆனால் அடிப்படை ஏக்கர் உள்ள நிலத்துக்குக் குத்தகை கூடும். செக் ஒரு கையில் வந்து, குத்தகையாக மறு கைக்குப் போகும் பங்கு அதில் உண்டு.

2018-ல் சீனாவோடு வந்த வரிச் சண்டையில் அமெரிக்க சோயா மொச்சைக்குச் சீனா 25 சதவீத வரி போட்டது. அதற்கு ஈடாக 2018, 2019 இரண்டு ஆண்டுப் பயிருக்கும் சேர்த்து சுமார் 2,300 கோடி டாலர் கொடுத்தார்கள். 2019-ல் கவுண்டிக்கு ஒரு விகிதம். ஏக்கருக்கு 15 டாலர் முதல் 150 டாலர் வரை. கவுண்டி எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு தொகை, சாலையைத் தாண்டினால் வேறு தொகை!

பருத்தி மானியத்தால் உலக விலை விழுகிறது என்று பிரேசில் 2002-ல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு வென்றது. அமெரிக்கா மானியத்தை நிறுத்தாமல் என்ன செய்தது தெரியுமா? 2010-ல் பிரேசில் பருத்தி விவசாயிகளுக்கும் ஆண்டுக்கு 14 கோடியே 73 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. தன் விவசாயிக்குக் கொடுப்பதற்காக அடுத்த நாட்டு விவசாயிக்கும் கொடுத்த கதை வேறெங்கும் கேட்டதில்லை.

நம் பக்கம்

நம் நாட்டிலும் இப்போது நிலத்தின் பெயரால் பணம் வருகிறது. 2019-ல் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் விழுகிறது. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அந்தக் குடும்பத்துக்குத்தான். வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுகிறவருக்குக் கிடையாது. தெலுங்கானாவில் 2018-ல் ஏக்கருக்குப் பருவத்துக்கு 4,000 ரூபாய் என்று தொடங்கிய ரைத்து பந்து திட்டத்திலும் குத்தகைக்காரரைச் சேர்க்கவில்லை.

பிரதமர் கிசானில் வேறு கணக்கும் உண்டு. வருமான வரி கட்டியவருக்கு இல்லை. அரசு ஊழியருக்கும் இல்லை. நான்காம் பிரிவு ஊழியருக்கு மட்டும் விலக்கு. ஆகவே ரயில்வேயிலோ தபால் ஆபீசிலோ குமாஸ்தாவாக இருப்பவர், ஊரில் பட்டா இருந்தாலும் வாங்க முடியாது. மில் தொழிலாளி, வருமான வரி கட்டாதவராக இருந்து, 2019 பிப்ரவரி 1-ம் தேதி நிலம் தன் பெயரில் இருந்தால் வாங்கலாம். அந்தத் தேதிக்குப் பின் சொந்தக்காரர் இறந்து வாரிசு உரிமையில் நிலம் வந்திருந்தாலும் வழி உண்டு. பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே கிடந்தால், பெயர் மாற்றம் செய்யாதவரை யாருக்கும் இல்லை.

தமிழ்நாட்டில் குத்தகைக்காரரின் பெயரைப் பதிவு செய்ய 1969-ம் ஆண்டே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அண்ணன் தம்பிக்குள் வாய்ப்பேச்சில் விட்ட வாரத்தை யார் தாலுகா ஆபீசில் போய்ப் பதிவு செய்கிறார்கள்? பதிந்தால் நிலம் போய்விடும் என்ற பயம் ஒருவருக்கு. பதியச் சொன்னால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார் என்ற பயம் மற்றவருக்கு. நான்கு மாதத்துக்கு ஒரு முறை வருகிற 2,000 ரூபாயில் உழுகிறவருக்கு எவ்வளவு என்பது எந்த விதியிலும் எழுதப்படவில்லை. பொங்கலுக்கு ஊர் போகும்போது திண்ணையில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்கிற குடும்பங்கள் இருக்கின்றன. பேச்சே எடுக்காத குடும்பங்களும் இருக்கின்றன.